கீழ் வீட்டுக் கடலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அயனம்பாக்கத்தில் முழங்கால் தண்ணீர் நின்ற மனையை வாங்கியபோது, ‘இங்க தவளைதான்டா குடியிருக்கும்’ என்று கூடப் பிறந்த அண்ணனே சிரித்தார். அதே இடத்தில் மண் கொட்டி மேடாக்கி மாடி வீடு கட்டினேன். மீன்பாடி வண்டி மிதிக்க ஆரம்பித்தவன், இன்றைக்கு மூன்று சரக்கு வேன்களுக்குச் சொந்தக்காரன். இரண்டு பெண்களையும் பட்டம் படிக்க வைத்துத்தான் கட்டிக் கொடுத்தேன். கோடையில் எங்கள் தெருவே என் போர் தண்ணீரைத்தான் பிடிக்கும். இத்தனையும் செய்த இந்தக் கை, போன வருடம் ஒரு ஸ்பூன் கடலை விழுதைப் பார்த்து உதறியது. அதைத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் மாடியில் குடியிருப்பவர்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவர்களுடைய பெண் குழந்தைக்கு இரண்டு வயது நடந்தபோது, ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாயில் ஒரு விள்ளல் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அள்ளி வேனில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அன்று நான் ஓட்டிய ஓட்டம் எனக்கும் அந்த ரோட்டுக்கும்தான் தெரியும். குழந்தை பிழைத்துக்கொண்டாள். வேர்க்கடலை அவளுக்கு அலர்ஜி, ஒரு துணுக்குகூடப் படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து என் கட்டடத்துக்குள் வேர்க்கடலை நுழையவில்லை. என் வீட்டில் கடலைச் சட்னியையே நிறுத்திவிட்டோம். மாடிக்கு யார் விருந்தாளி வந்தாலும் கேட்டிலேயே மறித்துவிடுவேன். ஒருமுறை அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பையோடு வந்தார்.

“பையில கடலை மிட்டாய் கீதா பெர்சு? இருந்தா இப்டியே வெளில வச்சிட்டுப் போ.”

“ஏன்யா, நான் என்ன கஞ்சாவா கடத்துதேன்?” என்று முறைத்தார்.

“அத்தக்கூட வுட்ருவேன். கடலைய வுட மாட்டேன்.”

கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தவரை குழந்தையின் அம்மா ஓடி வந்து சமாதானப்படுத்தி மேலே அழைத்துப் போனாள். மிட்டாய்ப் பொட்டலம் மட்டும் வெளியே நின்றது.

இப்படியே மூன்று வருடம் போனது. மாடியில் ஒரு ஆண் குழந்தையும் பிறந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவனுக்குக் கன்னத்திலும் கை மடிப்பிலும் கரப்பான் போலத் தோல் வறண்டு சிவந்தது. அம்பத்தூரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். நான்தான் வண்டி ஓட்டினேன், உள்ளேயும் போனேன். பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு அந்த அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூழ், கஞ்சி ஊட்ட ஆரம்பிக்கும்போதே வேர்க்கடலையையும் ஆரம்பித்துவிட வேண்டுமாம். தள்ளிப் போடக் கூடாதாம்!

“இன்னா டாக்டரம்மா பேசற? மூணு வர்சமா ஒரு கடலை உள்ள வுடாம காவல் காத்துகினு கீறேன். நீ இன்னாடான்னா கைக்கொயந்தைக்கு ஊட்டுன்ற!”

அந்த அம்மா கோபப்படவில்லை. “அக்காவைக் காப்பாத்தத்தானே காவல் காத்தீங்க? அது சரிதான், அதை விட்டுடாதீங்க ஐயா. ஆனா தம்பிக்கு இன்னும் எதுவும் வரலை, டெஸ்ட்டும் நல்லா இருக்கு. இந்த வயசுல வாய் வழியாப் போற சாப்பாட்டோட உடம்பு பழகிக்கும். பழக்காமலே விட்டா, பின்னாடி அதையே எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுற வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் கண்டிப்பாத் தடுத்துடும்னு சொல்ல மாட்டேன். ஆனா நல்ல வாய்ப்பு இருக்கு. அதை விட வேண்டாம்” என்றார்.

பிள்ளையைப் பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். “அப்போ பெரியவளுக்கும் சின்னதுலயே குடுத்திருந்தா, டாக்டர்...?”

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அப்ப உங்களுக்கு என்ன சொன்னாங்களோ அதைச் செஞ்சீங்க. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலை.”

வேனில் வீடு வருகிற வரைக்கும் அவள் அழுதுகொண்டே வந்தாள்.  நான் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த சிக்கல், எங்கே வைத்து ஊட்டுவது? மாடியில் அக்காக்காரி தம்பியை விட்டு நகர மாட்டாள், முத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அந்த வீட்டுக்குள் கடலையைக் கொண்டுபோக முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

“இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? எங்கூட்ல வச்சி ஊட்டு” என்றேன்.

“அப்பாடா! இத்தினி வர்சமா வுட்ட சவடாலுக்கு இன்னிக்காவது ஒரு பிரயோசனம்” என்றாள் என் மனைவி.

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத ஒரு காலையாகப் பார்த்து ஆரம்பித்தோம். கடலையை வறுத்து, தோலை ஊதி, வெண்ணெய் மாதிரி அரைத்து, வெந்நீரில் நெகிழக் கரைத்தாள் என் மனைவி. முழுக் கடலையோ நொறுங்கலோ வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். நான் வேனைத் தெருவைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெரியவளை அவள் அப்பா ஏரிக்கரைப் பக்கம் அழைத்துப் போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து அவள் கேட்டாள். “தாத்தா, தம்பிக்கு என்னை மாதிரி வீங்காதுல்ல?”

“வீங்காதும்மா. தாத்தா கீறேன்ல!”

சொல்லிவிட்டேன். சாவி பையில் இருக்கிறதா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெற்றவள் ஸ்பூன் நுனியில் தொட்டு எடுத்தாள். கை நடுங்கியது. என் கையும்தான். பையன் நக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நாக்கைச் சப்புக்கொட்டினான். மீதியைக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அவன் என் நெஞ்சில் கன்னத்தைச் சாய்த்து அழுத்திக்கொண்டு, என் பித்தானைப் பிடித்து இழுத்தான். சற்றுப் பொறுத்து அவள் அவனைத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தில் செக்கச்செவேல் என்று ஒரு தடம்.

“அங்கிள், வண்டி!” என்று அலறினாள்.

எழுந்தேன்.  சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தேன். என் மனைவி குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“அய்ய! சாவிய வச்சிகினு அதும்மேலயா கொயந்தைய சாச்ச? பாரும்மா, சாவிப் பல்லு அப்டியே பதிஞ்சி கீது.”

பையன் சட்டையைக் கழற்றிப் பார்த்தோம். உடம்பில் எங்கும் தடிப்பு இல்லை, மூச்சும் சீராக இருந்தது. அவன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். அவர் எடுத்துப் பேசி முடிப்பதற்குள் தடம் மறைந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து மீதியைக் கொடுக்கச் சொன்னார். பயல் ஸ்பூனையும் சேர்த்துக் கடித்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன இரண்டு மணி நேரமும் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பெற்றவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

ஒரு நாளோடு விடக் கூடாதாம். வாரத்தில் இரண்டு மூன்று தடவை என் வீட்டில்தான் அவனுக்குக் கடலை. அவன் கிண்ணம், ஸ்பூன் எல்லாம் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. சாப்பிட்டதும் வாய், கை கழுவி, சட்டை மாற்றித்தான் மாடிக்கு அனுப்புவேன். அக்காவுக்காக அந்தக் காவல் இன்றைக்கும் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படிக் குழந்தை இருந்தால், நீங்களாக எதையும் செய்யாமல் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

போன மாதம் அவனுடைய முதல் பிறந்தநாளை ஐயப்பன்தாங்கலில் ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தார்கள். அவன் அப்பா மைக் பிடித்து டாக்டருக்கு நன்றி சொன்னார், பெண்டாட்டிக்குச் சொன்னார், லீவு கொடுத்த மேனேஜருக்குக்கூடச் சொன்னார். நான் முதல் வரிசையில் சட்டையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பேர் வரவில்லை. எழுந்தவனை என் மனைவி வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

டாக்டரம்மா வழி சொன்னார், பெற்றவள் ஊட்டினாள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேல் வீட்டில் நுழைய முடியாத கடலைக்குக் கீழ் வீட்டில் இடம் கொடுத்தவன் யார்? வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் யார்? உங்கள் பத்திரிகையில் இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர் பேர் போட மாட்டீர்களாமே, வேண்டாம். அந்தப் பயல் வளர்ந்து, தன் காசில் ஒரு கடலை மிட்டாய் வாங்கிப் பயமில்லாமல் கடிக்கும்போது, ‘இது கீழ் வீட்டுத் தாத்தா மடியில் பழகினது’ என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். இத்தனை கட்டியவன் வாய்விட்டுக் கேட்பது அது ஒன்றுதான்.