குண்டூசி வைத்த கிளட்ச்

குண்டூசி என்ற பெயரை ஜீப் டிரைவரின் மனைவி முதன்முதலில் கேட்டது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். "பிராக்கெட்ட குண்டூசிகிட்ட குடுத்திருக்கேன். அப்படி ஒரு கை வேற யாருக்கும் கிடையாது" என்றான் டிரைவர். உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாய் திறக்காத மனுஷன். லேத் பட்டறையில் ஒல்லியாக, இருமிக்கொண்டு ஒரு கிழவர் இருப்பார் என்று நினைத்து, இவள் சந்தோஷமாக இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

குண்டூசி ஒரு பெண் என்று சொன்னவள் நாத்தனார்.

"உனக்குத் தெரியாதா அண்ணி? தையல்காரர் மூத்த மருமகளுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அப்பனுக்குக் கண்ணு மங்கினதுலேருந்து அவதான் லேத்த ஓட்டறா. கல்யாணமே வேண்டாம்னுட்டா. சிரிச்சா கன்னத்துல குழி விழும்."

அந்தக் கடைசி விஷயத்தை நாத்தனார் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜீப் பழசு. மலைமேல் வேலை செய்பவர்களை ஏற்றி இறக்கித்தான் குடும்பம் ஓடியது. கிளட்சைத் தள்ளுகிற சின்னச் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அது ஒழுகினால் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். திரும்ப ஏற்றி முடித்ததும், குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். கல்யாணமான நாள்முதல் அது இவள் வேலை. அடியில் படுத்தபடி "அமுக்கு" என்பான், "பிடி" என்பான், சிலிண்டரில் காற்றை வெளியே விடுகிற திருகான நிப்பிளைத் திறந்து எண்ணெயும் குமிழியும் வெளியேறியதும், அதை மூடிவிட்டு "விடு" என்பான். வீட்டில் பேசாத வாய் அப்போதுதான் இவளோடு ஓயாமல் பேசும். அந்த இருக்கையை இவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது குண்டூசி ஒரு யோசனை சொல்லியிருந்தாள். உள்ளே கிளட்சை நெம்புகிற கவை மட்டும் இருக்கட்டும், சிலிண்டரை வெளியே ஒரு பிராக்கெட் வைத்து மாட்டிவிடலாம். ஒழுகினால் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும் என்று. அதன் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் 'குண்டூசி சொன்னா'தான்.

மாட்டுகிற அன்றைக்கு இவளும் கிளம்பிப் போனாள். "வாங்கக்கா" என்று சிரித்தாள் குண்டூசி. நாத்தனார் பொய் சொல்லவில்லை.

பெடலில் காலை வைத்துக்கொண்டு இவள் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். ஜீப்புக்கு அடியிலிருந்து புருஷனின் பெரிய பாதங்கள் இரண்டு. பக்கத்திலேயே ஒல்லியாக இன்னும் இரண்டு.

"கொஞ்சம் தள்ளுங்க டிரைவரே, வெளிச்சத்த மறைக்கறீங்க."

'அண்ணே' என்று கூப்பிட்டிருந்தால் பாதி வயிற்றெரிச்சலாவது அடங்கியிருக்கும். அடியில் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

"அமுக்கு. பிடி..." என்றான் டிரைவர். நிப்பிள் திறந்திருக்கும்போதே இவள் காலைத் தூக்கினாள். வெளிக்காற்று விசுக்கென்று உள்ளே போயிற்று.

"பெடல் பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள் மேலிருந்து, ஒன்றும் அறியாதவள் போல. அடுத்த தடவையும் அப்படியே செய்தாள். அதற்கடுத்த தடவையும்.

"பிராக்கெட் வளையுதோ?" என்றான் அவன். இவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"வெளியில மாட்டினா எங்கேருந்து நிக்கும்? பழையபடியே போட்டுடுங்க."

குண்டூசி தவழ்ந்து வெளியே வந்து கையைத் துடைத்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"டிரைவரே, இன்னொரு டப்பா ஆயில் வாங்கிட்டு வாங்க." அவன் தெருமுனை திரும்பியதும், "அக்கா, நீங்க கீழ வாங்க. நான் மிதிக்கறேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

"எப்ப கால எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

இவளுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பானரோடு அடியில் நுழைந்தாள்.

"அமுக்கு. பிடி." நிப்பிளைத் திறந்தாள். குமிழிகள் வந்தன. வேண்டுமென்றே மூடாமல் காத்திருந்தாள். இப்போது காலை எடுப்பாள், பழியை என் தலையில் போடுவாள் என்று. மேலே இருந்த கால் அசையவில்லை. நிப்பிளை மூடினாள். "விடு." எண்ணெய் தெளிந்து வருகிறவரை அப்படியே மாறி மாறிச் செய்தார்கள். பெடல் கெட்டியாகிவிட்டது. பிராக்கெட் மயிரிழைகூட வளையவில்லை. தன் கண்ணாலேயே பார்த்துத் தொலைத்தாள்.

டிரைவர் டப்பாவோடு வந்து மிதித்துப் பார்த்தான். "அட! என்ன கோளாறு?"

"காத்துதான். வேற ஒண்ணுமில்ல" என்றாள் குண்டூசி.

காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. பொறுக்க முடியாமல் இவள் கேட்டாள்:

"அவர அண்ணன்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா?"

"எனக்கு நாலு அண்ணன் இருக்காங்கக்கா. ஒருத்தனும் இந்தப் பட்டறைக்கு ஒரு பல்பு மாட்டித் தந்ததில்ல. அஞ்சாவது வேணாம்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். இவள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஜீப்பின் கியர்பாக்ஸ் கிளட்சுக்காகக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் பட்டறையில் எந்த வேலை இருந்தாலும் டிரைவர் தனியாகப் போனதும் இல்லை. இவளும் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

குண்டூசி இப்போது பட்டறை மாடியில் அப்பாவோடு இருக்கிறாள். கீழே இரண்டாவதாக ஒரு லேத் வாங்கிப் போட்டிருக்கிறாள்.