புஷ்பவதி விரிக்காத கட்டில்

என் மச்சாளுக்கு ஒன்றில் மனம் போய்விட்டால் இழுத்துத் திருப்ப ஆளில்லை. மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி புஷ்பவதி. நானும் அவளும் ஒரே வயது, அதனால் நீ, நான் என்றுதான் கதை; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் பத்து வருடமாக அறை துப்புரவாக்குகிறாள். ஒரு நாளைக்குப் பதினாறு அறை, இருபதுக்குக் குறையாத கட்டில். காலையில் மெட்ரோவில் தூங்கி வழிந்துகொண்டு போவாள், பின்னேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

1996 வசந்தத்தில் அவளுக்குக் கனேடியப் பாஸ்போர்ட் கிடைத்தது. எங்கள் சனம் அதை வைத்துக்கொண்டு லண்டனுக்குக் கலியாண வீட்டுக்குப் போகும், மதராசுக்குச் சீலை எடுக்கப் போகும். இவள் அயர்லாந்துக்குப் போகப் போகிறாளாம்! அங்கே கெரி என்று ஒரு கடற்கரை மாவட்டம். கூட வேலை செய்யும் அக்னெஸின் ஒன்றுவிட்ட தங்கை கத்தரின் அங்கே தன் வீட்டில் நாலு அறையைத் தங்க வருகிறவர்களுக்கு விடுகிறாள். அக்னெஸ் காட்டிய படத்தில் பச்சை மலை நேரே கடலுக்குள் இறங்கியது. இன்னொரு படத்தில் கடலைப் பார்த்த யன்னல், யன்னலோரம் ஒரு கட்டில்.

“உமக்கென்ன விசரே? கடல் பாக்க அயர்லாந்துக்கோ?” என்றார் அண்ணை மகேந்திரராசா. “இஞ்ச அஹுன்ட்சிக்கில எங்கட வீட்டுக்குப் பின்னால ஆறு ஓடுது. கதிரையைப் போட்டு இருந்து பாரும்.”

“கடல் மட்டும் இல்லையப்பா. ஒரு கிழமை, நான் விரிக்காத கட்டில்ல நான் படுக்கவேணும். வேற ஆரும் விரிச்சுத் தரவேணும்.”

“அதுக்கு ஏன் கடல் தாண்டுவான்? நான் விரிச்சுத் தாறன்.”

“கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசம். ஒருநாள் விரிச்சனீங்களோ?”

அண்ணை பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததற்குத் தண்டனை, துணைக்கு என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

மிராபெல் விமான நிலையத்தில் ஏறி, லண்டனில் மாறி, அயர்லாந்தில் ஷானனில் இறங்கி, பிறகு இரண்டு பஸ். வழி முழுக்க அவள் மடியில் ஒரு தகரப் பேணி நிறையப் பயத்தம் பணியாரம். காசு கட்டித் தங்கப் போகிற வீட்டுக்குப் பலகாரம் எதற்கு என்று கேட்டேன். “வெறுங்கையோட ஒரு வீட்டுக்குள்ள கால் வைக்கிறதே?” என்று சீறினாள். கத்தரின் பேணியை வாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

அடுத்த நாள் காலை நான் வெளியே காற்று வாங்கிவிட்டு வந்து பார்க்கிறேன், கட்டில் இரண்டும் சுருக்கம் இல்லாமல் விரித்துக் கிடக்கின்றன. கழுவுதொட்டி பளபளக்கிறது. கக்கூஸ் கடதாசியின் நுனியைக்கூட ஹோட்டலில் செய்வதுபோல முக்கோணமாக மடித்து விட்டிருக்கிறாள், பாவி! அந்த நேரம் பார்த்துத் துவாய்களோடு வந்த கத்தரினுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அறை சுத்தமாக இல்லையா? நேற்று நானேதான் துடைத்தேன்” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் கூட.

“நோ, நோ, பர்தோன்” என்று புஷ்பவதி பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் குழப்பியடித்தாள். நான்தான் அவளுடைய வேலையைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். கத்தரின் வாய்விட்டுச் சிரித்தாள். “இன்னொரு தரம் விரித்தால் மற்ற மூன்று அறையையும் இவளிடமே தந்துவிடுவேன்” என்று சொல்லிக்கொண்டு கீழே போனாள்.

புஷ்பவதி சிரிக்கவில்லை. “கண்ணை முழிக்க முதலே கை விரிக்கத் தொடங்கிட்டுது” என்றாள். “இவ்வளவு தூரம் வந்தும் வேலைக்காரியாத்தான் எழும்பியிருக்கிறன். என்னால ஏலாதோ மச்சாள்?” கண் கலங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு கரைந்தது.

“ஏலும். நாளைக்குப் பாப்பம்” என்றேன்.

மறுநாள் எழும்பினாள். கை போர்வைக்குப் போனது. வெடுக்கென்று இழுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவள்போலப் படியிறங்கிப் போனாள். சாப்பிட்டுவிட்டு மழைத் தூற்றலில் பாறை விளிம்போரமாக நடந்தோம். கீழே அலை அடித்த அடியில் முகமெல்லாம் உப்பு. அப்படியொரு கடலை நான் கண்டதில்லை. இவளோ பத்தடிக்கு ஒருதரம் வீட்டையே திரும்பிப் பார்க்கிறாள்.

“ஓடிப்போய்ப் போர்வையை மட்டும் இழுத்து விட்டிட்டு வரட்டே?”

“போனியெண்டால் உன்னை இதுக்குள்ள தள்ளிப்போடுவன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு மத்தியானம் வரை நடந்தாள்.

திரும்பி வந்தபோது கத்தரின் கட்டிலை விரித்துவிட்டுப் போயிருந்தாள். போர்வை ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய. கால்மாட்டில் மூலை மடிபடாமல் தொங்கியது. எனக்கே தெரிந்தது, இவள் கண்ணுக்குத் தப்புமா? கை பாதி வழி போய் நின்றது. பிறகு மெல்ல அதன்மேல் உட்கார்ந்தாள்.

“மூலை மடிக்கவே தெரியேல்லை இவளுக்கு” என்றாள். கண்ணீர் பொலபொலவென்று ஓடியது. “ஆனால் எனக்காக விரிச்சிருக்கிறாள் மச்சாள்.”

காலில் போட்ட ஈர மேசோடையே அதில் சரிந்தாள். நாலு மணி வரைக்கும் குறட்டை.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. பாறையில் படுத்திருந்த கடல்நாயைப் பார்த்தோம். கத்தரின் தேத்தண்ணியோடு பணியாரத்தைக் கடித்துக் கடித்துப் பேணியை வெறுமையாக்கினாள். ஒவ்வொரு காலையும் அந்தக் கை கக்கத்துக்குள்தான் இருந்தது.

கடைசி நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். அவளுடைய கட்டில் கிடந்த கிடையைக் கண்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. தலையணை குறுக்கே, போர்வை பாதி நிலத்தில். தமிழ்ச் சனம் இப்படித்தானோ என்று அந்த மனிசி நினைக்கமாட்டாளா? ஒரு இழுப்பு இழுத்துவிடுவோம் என்று உள்ளே போய்க் குனிந்தேன்.

படியில் பாதி இறங்கியிருந்தவள் திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“கை வையாதை மச்சாள். அது நான் படுத்த கட்டில்.”