பள்ளத்திக் குஞ்சுகளும் ஓய்வுநாளும்

எங்கள் ஊரில் பள்ளத்தி மீனைக் குழம்பில் பார்த்தவர்கள் ஏராளம். குடும்பமாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. மணக்குடிக் காயலிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணிடம் உயிரோடு இரண்டு வேண்டும் என்றேன். "எதுக்கு சாரே, கொழம்புல நீந்தவா?" என்று சிரித்தாள். ஆனாலும் கொண்டுவந்து தந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் மீன்கள். தேக்குப் பலகையில் பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடி பதித்து, மூலைகளைப் படகுக்குப் பூசும் கீலால் அடைத்து, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு வளர்த்தேன்.

முதல் தடவை குஞ்சு பொரித்ததும், பெட்டியைக் கழுவுவதற்காகக் குடும்பத்தோடு பானைக்கு மாற்றினேன். பெரிய புத்திசாலித்தனம்! மிரண்டுபோன தாயும் தகப்பனும் குஞ்சுகளை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. மறுபடி ஓட்டுத்துண்டில் முட்டையிட்டு, இரண்டும் முறைவைத்துத் துடுப்பால் விசிறிப் பொரித்தபோது, இனி கைவைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்போது நான் கிறிஸ்தவ சபைக் கமிட்டியில் இருந்தேன். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிணறுகளில் வாளி இறங்காது. சனிக்கிழமையே பானைகளை நிரப்பிவிடுவோம். இந்த விஷயத்தில் நான் பொல்லாதவன். அடுத்த வீட்டு விவசாயி ஒரு ஞாயிறன்று தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றியதைக் கமிட்டியில் சொன்னவன் நானே. வரும் திருவிருந்தில் அவருக்கு அப்பத்திலும் ரசத்திலும் பங்கு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை, கோயிலில் முதல் மணி அடித்தபோது தரையெல்லாம் ஈரம். பெட்டியின் அடிமூலையில் கீல் விட்டுப்போயிருந்தது. துணியை அடைத்தேன். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. சமையலுக்கு வைத்திருந்த இரண்டு பானைத் தண்ணீரையும் உப்புக் கலந்து ஊற்றினேன். "இனி சோறு பொங்க வெள்ளம் இல்ல, பாத்துக்கிடுங்க" என்றாள் மனைவி. மட்டம் மீண்டும் இறங்கியது. மீன்கள் இரண்டும் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கின. பானைக்கு மாற்றினால் தின்றுவிடும். விட்டால் எல்லாம் துடித்துச் சாகும்.

வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

வேலிக்கு அப்பால் அந்த விவசாயி, கோயிலுக்குப் புறப்பட்டு வெள்ளைச் சட்டையோடு நின்றார். நான் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து இன்னொரு வாளியை எடுத்தார். ஐந்தாறு நடை நடந்தோம். மூலையில் களிமண் அப்பிப் பெட்டியை நிரப்பியதும் குனிந்து குஞ்சுகளை வெகுநேரம் பார்த்தார்.

"தென்னம்பிள்ளைக்கும் உயிரு உண்டும் சாரே."



மாலையில் போதகரிடம் நடந்ததைச் சொல்லி, விவசாயியின் தண்டனையை நீக்குங்கள், இல்லையென்றால் எனக்கும் கொடுங்கள் என்றேன். தீர்ப்பு தீர்ப்புதான், உங்களுக்கும் அதேதான் என்றார் போதகர்.

திருவிருந்தன்று கடைசி பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்பத்தட்டு எங்களைத் தாண்டிப் போனபோது அவர் என் காதருகே குனிந்தார்.

"குஞ்செல்லாம் சொகந்தானே?"