ஒன்பது வருடப் பூஜ்யம்

ஆல்ஃபியஸ் பெடோவின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவள் நான். அதனால் நடந்ததில் என் பங்கும் உண்டு.

கரீபியக் கடலில் இருக்கும் காரியக்கூ தீவில், மீன்பிடிக்கத் தடை போட்ட எங்கள் குடாவுக்கு அவர்தான் காவலர். சம்பளமும் படகுக்குப் பெட்ரோலும் வெளிநாட்டு நிதியிலிருந்து வரும். மூன்று வருடத்துக்கு ஒரு திட்டம். ஒவ்வொரு திட்டத்துக்கும் புதுப் பெயர், புதுப் படிவம், புதுத் தொப்பி. தொப்பிக்கு மட்டும் அவர் வீட்டில் பஞ்சமே இல்லை.

படிவத்தில் 'பிடிபட்டவர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். பூஜ்யம் போடச் சொல்வார், போடுவேன். திருட ஆள் வராமல் இல்லை. சங்குக் கறியும் ரம்மும் இல்லாமல் இந்த ஊரில் கல்யாணம் நடக்காது, வாரம் இரண்டு பேராவது சங்கு எடுக்க உள்ளே வருவார்கள். பெடோ படகைத் தள்ளி நிறுத்திக்கொண்டு, வந்தவனுடைய அம்மா பேரைச் சொல்லிக் கத்துவார்.

"ஏய், வெரோனா மவனே! ஞாயித்துக்கிழமை பூசையில எல்லார் முன்னாடியும் உங்கம்மாகிட்ட சொல்லட்டா?"

அவ்வளவுதான். எடுத்ததைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடிவிடுவான். பாதித் தீவு பெடோவுக்குச் சொந்தக்காரர்கள். யார் பேரை எழுதுவார்?

போன மாதம் நிதி கொடுப்பவர்களிடமிருந்து ஓர் அம்மாள் வந்தார். நான் அடித்த தாள்களையெல்லாம் மடியில் வைத்துப் புரட்டினார்.

"ஒன்பது வருஷமா ஒரு கேஸ்கூட இல்லையே சார். அப்ப இங்க ஆபத்து ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"நான் கத்துனா போயிடுவானுங்கம்மா," என்றார் பெடோ.

"அது இதுல எங்கயும் எழுதலையே."

எழுத அந்தத் தாளில் இடம் ஏது? மூன்றே வாரத்தில் கடிதம் வந்தது. பணம் பக்கத்துத் தீவுக்குப் போகிறதாம், அங்கே நாற்பது வழக்கு போட்டிருக்கிறார்களாம். அங்கே ஒரு சங்காவது மிச்சம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி கேன் பெட்ரோல் தீர்ந்த மறுநாள் கல்வர்ட் அலுவலகத்துக்கு வந்தான். வெரோனாவின் மகன், பெடோவுக்குச் சித்தி பிள்ளை.

"அண்ணே, என் பேரை எழுதிக்க. பத்தொம்பது சங்கு எடுத்தான்னு போடு. அபராதம் கட்டிடறேன், கேஸ் இருந்தா பணம் திரும்ப வருமில்ல."

"போடா பைத்தியக்காரா. எல்லாம் மூடியாச்சு. இனிமே அதை எவன் படிக்கப் போறான்?"

கல்வர்ட் கதவு வரை போய்த் திரும்பினான்.

"அப்ப நாளைக்கு நான் உள்ள போறேண்ணே. நான் போகலைன்னா வேற எவனாவது அள்ளிட்டுப் போவான். உங்கிட்ட சொல்லாம போக மனசு வரல."

பெடோ எழுந்து அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"குட்டியை விட்டுடு," என்றார். "பெருசை மட்டும் எடு."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். விட்டானா என்று தெரியாது. போய்ப் பார்க்க இப்போது ஆள் இல்லை.