சூப்பர்வைசரம்மாவும் இருபத்து நான்கு படிகளும்

போன வாரம் பழைய கைப்பை ஒன்றைத் துழாவியபோது, அடியில் சுருண்டு கிடந்த நீலத் தொப்பி ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதைத் தொப்பி என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். பிஸ்கட் கம்பெனியில் முடி விழாமலிருக்கத் தலையில் மாட்டிக்கொள்வோமே, ஒருநாள் போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அது. எலாஸ்டிக் தளர்ந்துவிட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன், குளோரின் வாசனை இன்னும் இருப்பது போலத் தோன்றியது. இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் ஒருவர் நீச்சலுக்குப் போனார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்த பிஸ்கட் கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவுக்குப் போனது இரண்டாயிரங்களின் நடுவில். பிரிவின் பொறுப்பு சூப்பர்வைசரம்மாவுடையது. நெல்லித்தோப்பில் வீடு. கம்பெனி வேனில் முதல் ஆளாக ஏறி, ஆறு மணி ஷிப்டுக்குக் கடைசி ஆள் வரும்வரை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார். எடை எண்பத்தாறு கிலோ. அதை மறைக்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது, அட்டைப்பெட்டியின் எடையைச் சொல்வது போலவே சொல்வார். பத்தடி தூரத்திலிருந்தே பெல்ட்டில் ஓடுகிற பிஸ்கட்டில் ஓரம் கருகியது எது, மூலை உடைந்தது எது என்று கண்டுபிடித்துவிடுவார். எட்டு மணி நேரமும் நின்றபடியேதான் வேலை. "சூப்பர்வைசர் உக்காந்தா லைன் படுத்துடும்" என்பார். டீ குடிக்கும்போதும் தூணில் சாய்ந்துதான் குடிப்பார். அவருக்குப் பயந்தே நாங்களும் இடுப்பு வலித்தாலும் நிமிர்ந்து நிற்போம்.

இப்படி நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. தேய்ந்த நேரம் பார்த்து எங்கள் பிரிவை மாடிக்கு மாற்றினார்கள். இரும்புப் படிகள், மொத்தம் இருபத்து நான்கு. அம்மா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறுவார். பின்னால் நாற்பது பெண்கள் சத்தம் போடாமல் நிற்போம். மேனேஜர் நல்ல மனிதர். தொல்லையே அதுதான். ஆயுத பூஜை முடிந்த வாரம், குஷன் வைத்து சக்கரம் மாட்டிய புது நாற்காலி ஒன்றை வாங்கி, சரக்கு வெளியே போகிற வாசலருகே மேஜை போட்டு வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். "நீங்க இனிமே இங்க உக்காந்து போற பெட்டிய எழுதினா போதும்மா" என்றார். அம்மா அந்த நாற்காலியைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன், யாரோ அவருக்குச் சாவு மாலையைக் கொண்டுவந்து வைத்தது போலப் பார்த்தார். "பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க சார். கைப்புடிய தொடாம மாடி ஏறலன்னா நானே வந்து இதுல உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

நடந்தால் முட்டி இன்னும் கெடும், எடையைக் குறை, நீச்சலுக்குப் போ என்று டாக்டரம்மா சொன்னார்களாம். மறுநாள் டீ வேளையில் அம்மா என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பிரிவின் ரிஜிஸ்டர் எப்போதும் என்னிடம்தான். அதில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, சரக்கைச் சோதித்து எழுதுகிற மாதிரியே இந்தப் பக்கம் ஓகே, அந்தப் பக்கம் ரிஜெக்ட் என்று போடச் சொன்னார். ஓகேயில் மூன்று வரி வந்தது: முட்டியில் பாரம் விழாது, உடம்பு பூராவும் வேலை செய்யும், வியர்க்காது. ரிஜெக்டில் பக்கம் போதவில்லை. என்ன உடுத்துவது, யார் பார்ப்பார்கள், காதில் தண்ணீர் போகும், தலைமுடி என்ன ஆகும், சளி பிடித்தால் லீவு யார் கொடுப்பது என்று எழுதிக்கொண்டே போனேன். கடைசியாக, "நீச்சல் தெரியாது. அதையும் எழுது" என்றார். எழுதினேன். எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "ஒங்கிட்ட வண்டி இருக்கு இல்ல, நாளைக்கி ஷிப்ட் முடிஞ்சதும் போறோம்" என்று மூடிக் கொடுத்தார். நானும் நீந்தப் போகிறேன் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஊருக்குள் இருந்த நீச்சல் குளத்தில் மூன்றரையிலிருந்து நாலரை வரை பெண்களுக்கான நேரம். பயிற்சி கொடுத்தவள் பிள்ளைச்சாவடி என்ற மீனவக் கிராமத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அம்மா நைட்டியோடு ஏணியில் இறங்கினார். இடுப்பளவுக்குத் தண்ணீர் வந்ததும் உள்ளே புகுந்த காற்று நைட்டியைச் சுற்றிலும் தூக்கியது. எண்ணெயில் பூரி உப்புவது போல உப்பி, நடுவே தலை மட்டும் தெரிந்தது. கீழே அமுக்கினால் பின்னால் எழும்பியது, பின்னால் அமுக்கினால் முன்னால் எழும்பியது. பயிற்சிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னாள். மறுநாள் மகனின் பழைய டிராக் பேண்ட்டும் முழுக்கை டி-சர்ட்டும் வந்தன. தொப்பி கட்டாயம் என்றதும் அம்மா பெருமையோடு கம்பெனித் தொப்பிகள் இரண்டை எடுத்தார், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தலையை உள்ளே விட்டதும் அது நிறையத் தண்ணீரை மொண்டுகொண்டு கழன்று, தனியாக மிதந்து போனது. "அக்கா, எங்க ஊரு கடல்ல சொறின்னு ஜெல்லி மீனு ஒண்ணு வரும், தொட்டா அரிக்கும், பாக்க இப்பிடியேதான் மெதக்கும்" என்றாள் பயிற்சிப் பெண். அக்கரையிலிருந்த பெண்கள் இருவர் நிஜமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.

பத்து நாள் வரைக்கும் அம்மா சுவரோரக் கம்பியை விடவில்லை. படி ஏற கைப்பிடியைத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டவர் இங்கே கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. நின்ற இடத்திலிருந்தே மற்றவர்களை மேய்க்க ஆரம்பித்துவிட்டார். குளித்துவிட்டு இறங்கு, குறுக்கே வராதே, இடப்பக்கம் போனால் இடப்பக்கமே திரும்பு என்று ஒரே வாரத்தில் குளம் எங்கள் பெல்ட் போல ஒழுங்காக ஓடியது. பயிற்சிப் பெண்கூட விசிலைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டாள். "மொதல்ல நடங்க சூப்பர்வைசரக்கா, நீச்சல் அப்பறம் பாத்துக்கலாம். தண்ணிக்குள்ள நடந்தாலே காலுக்கு நல்லது" என்றாள். ஒருநாள், மார்பளவு தண்ணீரில் நின்றவர் வலது முட்டியை மடக்கினார், நீட்டினார். மறுபடி மடக்கினார். முகம் மாறிவிட்டது. "ஏய், வலிக்கல. இது எங்காலுதானாடி" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது, குளோரின் என்று சொல்லிக்கொண்டார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவர் என் சூப்பர்வைசர் ஆயிற்றே.

அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஐப்பசி மழை கொட்டிய நாளில்கூட, எப்படியும் நனையத்தானே போகிறோம் என்று தெரிந்தும் குடை பிடித்துக்கொண்டு குளத்துக்கு வந்தார். கம்பியை விட்டார், மிதந்தார், நாய் நீந்துகிற மாதிரி ஒரு நீச்சலும் வந்தது. ரிஜெக்ட் பக்கத்தில் எழுதியவையும் ஒவ்வொன்றாக நடந்தன. சாயம் போட்ட தலை செம்பட்டையானது. பெல்ட்டில் நின்ற பெண்கள் அது எந்தக் கடைச் சாயம் என்று விசாரித்தார்கள். இடது காதில் தண்ணீர் புகுந்து ஒரு வாரம் அடைத்துக்கொண்டது. மேனேஜர் எப்போதும் அந்தப் பக்கம் நின்றே பேசுவார் என்பதால், அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு ஓகே பக்கத்தில் எழுதச் சொன்னார் அம்மா.

எழுத மறந்த குறை ஒன்று இருந்தது, பசி. நீந்திவிட்டு வெளியே வந்தால் வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுவார்கள். அது சாதாரணப் பசி கிடையாது, கண் மங்குகிற பசி. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, அம்மா தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுப்பார். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். சனிக்கிழமைதோறும் பெட்டி எடை போடுகிற மேடையில் அம்மா ஏறி நிற்க, நான் ரிஜிஸ்டரில் எழுதுவேன். ஆறு வாரம் கழித்து முள் எண்பத்தெட்டரையில் நின்றது. அம்மா இறங்கிவிட்டு மறுபடி ஏறினார். அப்போதும் எண்பத்தெட்டரை. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. ஜன்னல் வழியே வாசலில் அந்த நாற்காலி தெரிந்தது.

லைனில் பழுது வந்தால் எப்படித் தேடுவாரோ அப்படியே தேடினார். மேடையில் எடைக்கல் வைத்துச் சோதித்தார், சரியாக இருந்தது. ஈரத் தலையின் எடையாக இருக்குமோ என்று காயவைத்துவிட்டு நின்றார், மாறவில்லை. பிறகு சாப்பாட்டு ரிஜிஸ்டரை எடுத்தார். அவரே தினமும் வீட்டுக் குசினியில் அடுப்பருகே நின்று சத்தியமாக எழுதியது அது. காலை இட்லி மூன்று, மதியம் சோறு ஒரு கரண்டி, ராத்திரி சப்பாத்தி இரண்டு. கடைசிப் பத்தியில் பிஸ்கட் என்று போட்டு, நாற்பத்திரண்டு நாளும் சைபர், சைபர், சைபர்.

"ம்மா, குளத்துலேந்து வந்து தெனம் சாப்பிடறமே" என்றேன்.

"அது ஒடசல்டி" என்றார்.

அவர் விளையாடவில்லை. இருபத்தைந்து வருடமாக எங்கள் கம்பெனியில் அதுதான் சட்டம். முழு பிஸ்கட்தான் பிஸ்கட். உடைந்தது எண்ணிக்கையில் வராது, அதற்குப் பத்தி கிடையாது, பெயர் கிடையாது. மூட்டையில் கட்டி ஓரமாக வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். முழு பிஸ்கட் ஒன்றை வாயில் போட்டால் வேலையே போய்விடும் என்று பயந்த அந்த மனுஷி, உடைசலை ஒரு பொருளாகவே நினைத்ததில்லை. நான் அன்றைய பொட்டலத்தை மேடையில் வைத்தேன். அரை கிலோவுக்கு ஒரு பிடிதான் குறைவு. அதில் பாதிக்கு மேல் கிரீம் பிஸ்கட். அம்மா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒடஞ்சதுக்கும் எடை இருக்குல்ல" என்றார் கடைசியில், யாரோ செத்துப்போன செய்தி கேட்டவர் போல.

அன்றிலிருந்து பொட்டலத்தில் அவித்த கொண்டைக்கடலையும் ஒரு பாட்டில் மோரும் வந்தன. அந்தச் சில வாரங்கள் என் வாழ்க்கையில் கஷ்டமானவை. நீச்சலைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: அது தானாக எடையைக் குறைக்காது, உங்கள் வாயை அது காவல் காக்காது. ஆனால் காலைத் திருப்பிக் கொடுக்கும். பொங்கலுக்குள் அம்மா குறைத்தது, ஏறியதையெல்லாம் கழித்தால், இரண்டே கிலோ. தொடை மட்டும் இரும்பாகியிருந்தது.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை காலை, மேனேஜர் படிக்கடியில் வந்து நின்றார். நாற்பது பெண்களும் பின்னால் நின்றோம். அம்மா கம்பெனிக் கோட்டின் பொத்தானைப் போட்டு, தொப்பியைச் சரிசெய்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். படிக்கு ஒரு காலாக ஏறினார். பதினான்காவது படியில் நின்றார். அவருடைய வலது கை பிரிந்து கைப்பிடிப் பக்கமாகப் போனது. போன கை திரும்பி, தண்ணீரைத் தள்ளுவது போலக் காற்றை ஒருமுறை தள்ளியது. பிறகு மீதிப் பத்துப் படியையும் அப்படித் தள்ளித் தள்ளியே ஏறிவிட்டார். மேலிருந்து குனிந்து, "சேர் அங்கியே இருக்கட்டும் சார், உக்கார ஆசப்படறவங்க யாராவது வருவாங்க" என்றார். நாங்கள் கை தட்டினோம். "லைனுக்கு வாங்கடி, மணி ஆறேகால்" என்று அதையும் நிறுத்திவிட்டார்.

ஓய்வு பெறும் நாள்வரை அவர் மாடியில் நின்றுதான் வேலை பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது ஒரே ஒருமுறை, வழியனுப்பு விழாவில் போட்டோவுக்காக. உட்கார ஆசைப்பட்டு வந்தது நான்தான், அதுவும் மறு வருடமே. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள், சந்தோஷமாகப் போனேன். பதினேழு வருடமாக அந்தச் சக்கரம் மாட்டிய நாற்காலியில் உருண்டுகொண்டே பெட்டி எழுதுகிறேன். இப்போது முட்டி எனக்கு. உட்கார்ந்தே இருந்ததால் வந்தது, நீச்சலுக்குப் போங்கள் என்கிறார் டாக்டர். அம்மாவுக்குப் போன் செய்தேன். எழுபது வயதிலும் வாரத்தில் இரண்டு நாள் குளத்துக்குப் போகிறவர், ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, "நாளைக்கி வந்துடு. பையில ஒண்ணும் எடுத்துகினு வராத" என்றார்.

போனேன். சிவப்பு ரப்பர்த் தொப்பியோடு தண்ணீருக்குள் நின்று பெண்களை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அது அன்று போலவே தண்ணீர் மொண்டு, கழன்று, மிதந்து போனது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்ததும் அதே பசி. உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை என்று பார்த்து, துண்டுக்குள் ஒளித்து வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்தேன். முழு பிஸ்கட் ஒன்றை எடுத்தேன். வாய்க்குப் போகுமுன் கை தானாக அதை இரண்டாக உடைத்தது. பின்னாலிருந்து ஈரக் கை ஒன்று நீண்டு, ஒரு பாதியை எடுத்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் நின்றபடியே மென்றோம். அது இன்றுவரை யார் ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.