காப்பி காயாத களம்

பாப்பாத்தி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சேலத்தில், மருத்துவமனை வராந்தாவில் இருந்தேன். என் ஆறு வயது மகள் யாழினியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "இனி வெளியே விளையாட விடலாம்" என்று டாக்டர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணவர் போனில் சொன்னார்: "அக்கா காப்பிப் பழம் பறிச்சுட்டிருந்தப்ப மயங்கி விழுந்துட்டாங்க. தூக்கறதுக்குள்ள போயிட்டாங்க."

ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரோடு வாதாடிக்கொண்டே வருகிற அக்காவை எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். இறுதிச் சடங்குக்குக்கூட நான் போகவில்லை. டாக்டர் சொன்ன பிறகும் கூட்டத்துக்குள் குழந்தையோடு போகப் பயந்து, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து இதை எழுதுகிறேன்.

ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து, சென்ற தை மாதம் யாழினியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பூ கூடாது, வேகாத பண்டம் கூடாது, மண் கூடாது, பூஞ்சைத் தூசி அறவே கூடாது. எங்கள் சன்னலிலிருந்து பத்தடியில் அக்காவின் களம். அதில் அந்த ஆண்டு காப்பி மகசூல் முழுவதும் பூஞ்சைத் தூசி பறக்கக் காய்ந்துகொண்டிருந்தது. எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சன்னல்களைச் சாத்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் அக்கா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "ஏனுங்க கண்ணு, இப்படிப் பூட்டி வெச்சா புள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

காரணத்தைச் சொன்னேன். பதில் பேசாமல் போய்விட்டார். கோபம் என்றே நினைத்தேன். மறுநாள் களம் வெறுமையாகக் கிடந்தது. கரடியூரில் இருக்கும் தம்பி வீட்டு மாடிக்கு மூட்டை மூட்டையாக ஏற்றிவிட்டிருந்தார்.

அடுத்த மாதம் யாழினிக்குக் காய்ச்சல். பதற்றத்தில் கேட்டருகே நின்றபடியே அக்காவிடம் கேட்டுவிட்டேன்: "முந்தாநாள் இருமிக்கிட்டே இங்க வந்தீங்களாங்க?"

"வந்திருந்தாலும் வந்திருப்பேன். மொதல்ல புள்ளையத் தூக்கிட்டுப் போ சாமி" என்றவர், வாடகை ஜீப்புக்கு அவரே போன் செய்தார்.

மருத்துவமனையில் பார்த்தபோது, குழந்தையின் நெஞ்சில் மருந்துக்காகப் பொருத்தியிருந்த குழாயில்தான் தொற்று. ஒன்பது நாள் கழித்துத் திரும்பினோம். அதன் பிறகு அக்கா கேட்டுப் பக்கம் வரவில்லை. களத்துக்கு அந்தப் பக்கம், தன் வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "யாழினி, இன்னைக்கும் இட்லியா? எனக்கொண்ணு வீசு." இவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். உங்களால் வந்த காய்ச்சல் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தள்ளி நிற்பது குழந்தைக்கு நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவன்று மட்டும் வந்து, கேட்டின் வெளிப்பக்கம் ஒரு முழம் கோயில் பூவைக் கட்டிவிட்டுப் போனார். "சாமிகிட்டயே சொல்லிட்டேன். டாக்டர் சொல்ற வரைக்கும் நீயும் வெளியவே நில்லுன்னு."

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மகன் கந்தசாமியிடம் குழாய் விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அது அம்மாவுக்கு அன்னைக்கே தெரியுமுங்க. உங்க ஊட்டுக்காரரு சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் வரவேயில்லை?"

"நானும் கேட்டேனுங்க. 'புள்ளைக்குச் சரியாயிரும்டா, அவதான் நொம்பப் பயந்து கெடக்கறா. அவளுக்குத் தெளியட்டும், அப்பறம் போயிக்கலாம்'னு சொல்லுச்சு."

கிளம்பும்போது கந்தசாமி தயங்கிக் கேட்டார்: "இந்த வருசம் நம்ம களத்துலயே காயப் போட்டுக்கலாமுங்களா?"

போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைத்தேன். அடிக்கடி சாத்தப் போகிறது கை. எனக்குப் பயம் தெளியட்டும் என்று அக்கா காத்திருந்ததை நினைத்து, திறந்தே விடுகிறேன்.