நான் கொட்டிவிட்ட சர்க்கரைத் தண்ணீர்

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், கிழக்கு மதிலோரம், எனக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் மரச் சிலுவை நட்டோம். கடற்காற்றில் அவை இற்று விழுந்துவிட்டன. எந்த இடத்தில் எந்தப் பிள்ளை என்று இப்போது எனக்கே தெரியாது.

சகோதரிகளே, நம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் கேட்டபடி அவர் செய்யவில்லை. கேட்டபடி செய்திருந்தால் மதிலோரம் நாலாவது பிள்ளையும் இருந்திருக்கும்.

என் முதல் பிள்ளை நிறைமாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று பிறந்தது. அடுத்த இரண்டும் உயிரோடு பிறந்தன. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பிறந்த குழந்தை போலவா இருந்தார்கள்? கன்னம் உப்பி, தோள் புடைத்து, மூன்று மாதப் பிள்ளை போல. ராயபுரத்தில் எங்கள் சந்திலிருந்த பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் மறுநாள் போய்விட்டான். இன்னொருவன் பிறந்த அன்று சாயங்காலமே போய்விட்டான். இருவரும் ஒரே விதமாகத்தான் போனார்கள். முதலில் கைகால் வெடவெடவென்று உதறும். பிறகு உடம்பு துவண்டு, ஜில்லிட்டு, அழக்கூடச் சத்தில்லாமல் அடங்கிவிடும். கண்ணேறு என்றார்கள். என் பாவம் என்று நான் நினைத்தேன்.

என் புருஷன் துறைமுகத்தில் பாரம் தூக்கும் யந்திரத்தில் வேலை பார்ப்பவர். மூன்று பெட்டிகளையும் அவரே தோளில் சுமந்தார். மூன்றாவதற்குப் பிறகு கோயிலில் அவர் வாய் திறந்து பாடவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓயாத தாகம். மத்தியானத்துக்குள் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிடுவேன். நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். யாரும் பார்க்குமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். இதைப் போய் யாரிடம் சொல்வது? எத்தனையோ வருஷம் அப்படியே கழுவிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தேழாவது வயதில் நாலாவது முறை கர்ப்பமானேன். எங்கள் பின்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தவர் முனியம்மா அக்கா. மீன் விற்பவர், அம்மனைக் கும்பிடுகிறவர். ஒரு காலை அவர் கண்ணில் அந்த எறும்புகள் பட்டுவிட்டன.

“இன்னா எஸ்தரு, நீ போய்ட்டு வந்த எடத்துல எறும்பு கல்யாண ஊர்கோலம் போய்கினு கீது?”

எனக்குத் தலை நிமிரவில்லை.

“வெக்கப்பட்டா ஆச்சா? எங்க நைனா இந்த வியாதிலதான் போனாரு. பொடவய மாத்து, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

மீன் கூடையை அப்படியே வைத்துவிட்டு அவர் என்னோடு வந்தார். பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் நீரை ஒரு நீலத் தண்ணீரில் கலந்து காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமானது. உடம்பில் அவ்வளவு சர்க்கரை என்றார். இன்சுலின் என்ற மருந்து வந்து சில வருஷங்கள்தான் ஆயிற்று, அதற்கு முன்பு உன் போன்றவர்களுக்கு வழியே இல்லை என்றார். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை ஊசி. சோறு கைப்பிடி அளவு. கருப்பட்டி, சீனி, வாழைப்பழம் எதுவும் கூடாது.

ஒன்று மட்டும் என் புத்தியில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது. சர்க்கரைதான் என் பிள்ளைகளைக் கொன்றது.

அந்த வாரமே ஒரு நாள், ஆள் இல்லாத நேரத்தில் கோயிலுக்குப் போனேன். முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணினேன். “ஆண்டவரே, இந்தப் பிள்ளையை உயிரோடு தாரும். ஒரு வருஷம் முடியும் வரை அதன் நாவில் ஒரு பொட்டு இனிப்புப் படாது. பட்டுவிட்டால் பிள்ளையை நீர் எடுத்துக்கொள்ளும்.” இப்படியே சொன்னேன். யார் கேட்டார் இப்படிச் சொல்ல? அவர் கேட்கவில்லை. நானாகப் போய் என் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தேன். புருஷனிடமும் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் என் மகள் பிறந்தாள். வெளியே விடாத மழை. நிறுத்துப் பார்த்து ஒன்பது ராத்தல் என்றார்கள். அதே உப்பிய கன்னம், அதே தோள்.

நர்சம்மா ஒரு எனாமல் குவளையையும், பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையையும் கட்டிலருகே வைத்தார். உனக்குப் பால் ஊற நேரமாகும், அதுவரை மணிக்கு ஒரு பாலாடை இதைக் கொடு, தவறவிடாதே என்றார். குவளையில் என்ன என்று கேட்டேன். சர்க்கரைத் தண்ணீர் என்றார். அடுத்த அறையில் பிரசவம் இருந்தது. அவர் போய்விட்டார்.

கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழு மணிக்கு ஒரு பாலாடை எடுத்து, கட்டிலுக்குக் கீழிருந்த பேசினில் ஊற்றினேன். எட்டு மணிக்கும் ஊற்றினேன். ஒன்பது மணிக்கும் ஊற்றினேன். நர்சம்மா எட்டிப் பார்த்து, குடித்தாளா என்று கேட்டார். குடித்தாள் என்றேன்.

பத்து மணிக்கு முனியம்மா அக்கா மழையில் நனைந்துகொண்டே வந்தார். முந்தானையில் கற்கண்டு முடிந்து வைத்திருந்தார். பிறந்த பிள்ளைக்கு முதல் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனைக்காக. எங்கள் வீட்டில் அந்த வழக்கத்தை விட்டு இரண்டு தலைமுறை ஆயிற்று. வேண்டாம் அக்கா என்று தடுத்தேன்.

“சேனை வெக்காத புள்ள உண்டா? உங்க சாமி இன்னா, சக்கரைக்கு விரோதியா?” என்று சிரித்துக்கொண்டே பிள்ளையின் காலைத் தொட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

“எஸ்தரு, புள்ள ஜில்லுனு கீதுடி.”

துணியை விலக்கினேன். அந்தச் சின்னக் கை வெடவெடவென்று உதறியது. இரண்டு முறை பார்த்த அதே உதறல். எனக்குத் தெரியாதா அது? முனியம்மா அக்கா நர்சம்மாவைக் கூப்பிட ஓடினார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்டதை எழுத எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் சர்க்கரை கொடுப்பார்கள், பொருத்தனை முறிந்து பிள்ளை சாகும். சொல்லாவிட்டால் என் கண் முன்னாலேயே சாகிறாள். பாதி கண் மூடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தாள். “ஆண்டவரே, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும். எனக்கு வாயைத் தாரும்.” இவ்வளவுதான் என் ஜெபம்.

நர்சம்மா வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, மூன்று பாலாடை உள்ளே போன பிள்ளை ஏன் இப்படி ஆனது என்றார். என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, திறக்கப்பட்டது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

“குடுக்கல நர்சம்மா. மூணையும் பேசின்ல ஊத்திட்டேன். சக்கரை குடுக்கமாட்டேன்னு பொருத்தனை பண்ணியிருக்கேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை.

“அதை அப்புறம் ஆண்டவர்கிட்ட பேசிக்கோ. இப்ப புள்ள தலையைப் பிடி.”

டாக்டரம்மா ஓடி வந்தார். பிள்ளைக்கு விழுங்கத் தெம்பில்லை. மெல்லிய ரப்பர் குழாயை மூக்கு வழியாக விட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். தலையைப் பிடித்திருந்தது என் கைதான். மழைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. முனியம்மா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பித் தன் அம்மனை வேண்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. உதறல் நின்றது. அடங்கிப்போனாளோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் சூடு தெரிந்தது. பதினொன்றரை மணி இருக்கும், அழுதாள். பசித்த பிள்ளையின் அழுகை. என் பிள்ளைகளில் யாரும் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

பன்னிரண்டு மணிப் பாலாடையை நர்சம்மா என் கையில் கொடுத்தார். கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடித்தாள். மணிக்கு மணி கொடுத்தேன். பொருத்தனையை என் கையாலேயே முறித்தேன். அவர் என் பிள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார்.

“உன் ரத்தத்துல இருந்த சர்க்கரை தொப்புள்கொடி வழியா அவளுக்கும் போயிருக்கு. அதைச் சமாளிக்க, உனக்கு நாங்க ஊசியில போடற அதே மருந்தை அவ உடம்பு தானாவே நிறையச் சுரந்து பழகிடுச்சு. அதனாலதான் இந்தக் கொழுப்பு. இப்போ கொடியை அறுத்தாச்சு, சர்க்கரை வர்றது நின்னுபோச்சு. சுரக்கிறது உடனே நிக்குமா? அந்த மருந்து உள்ள இருந்த கொஞ்சச் சர்க்கரையையும் தின்னுட்டு உயிரையே தொட்டுடும். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கும். உனக்குச் சர்க்கரை மிஞ்சிப்போச்சு. அவளுக்குப் போதலை.”

முந்தின பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். அந்தச் சொல் ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறது. சாகும் வரை இருக்கும். வெட்கத்தால் நான் எறும்பைக் கழுவிக்கொண்டிருந்த வருஷங்களில்தான் அவர்கள் பிறந்தார்கள்.

மகளுக்குக் கிருபை என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். அன்று என் புருஷன் பாடினார். அடித் தொண்டையில், யாருக்கும் கேட்காமல். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. என் வியாதி போகவில்லை. இன்றும் ஊசி உண்டு. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கண் மங்கிக்கொண்டு வருகிறது, இதை எழுதவே மூன்று நாள் ஆயிற்று. அவற்றுக்காகவும் ஜெபிக்கிறேன். ஆனால் இப்போது அவரோடு பேரம் பேசுவதில்லை.

தாகம் தீராத சகோதரி யாராவது நம் கூட்டத்தில் இருந்தால், நீர் போன இடத்தில் எறும்பு வந்தால், என்னிடம் வந்து காதில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன். ஏழு பேரோடு போயிருக்கிறேன். போகிற வழியெல்லாம் பேசமாட்டேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பயத்தில் அவருக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால், அது ஒரு பிள்ளையின் வாயை அடைக்கிற வாக்கானால், முறித்துவிடுங்கள். அவர் அப்படிப்பட்ட வாக்குக்குக் காத்திருப்பவர் அல்ல. நான் முறித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நம்புங்கள்.

கிருபைக்கு இப்போது ஆறு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அந்தக் காலையில் நான் என்ன செய்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல எனக்கு வராது. வாசித்து முடித்ததும் இந்தத் தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவள் பெட்டியில் வைக்க வேண்டும்.